கோளாறு இருந்த இடம்

கேம் மெஷினின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே அடைந்திருந்த தூசியைப் பழைய பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டிருந்தாள் வேல்விழி. கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்த அண்ணன் சங்கிலிக்கு விடிந்ததிலிருந்து காய்ச்சல் கொதித்தது. முதுகுப் புண் சீழ் வைத்து ஒரு வாரம். இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அம்மா பஞ்சம்மாள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள்.

மூன்று வருஷமாக அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அதற்கு முன் கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பந்து விளையாடப் போய்விடுவான். படுக்கையில் விழுந்தபின் வேல்விழிதான் கம்பத்துக் கடையொன்றில் இந்த செகண்ட்ஹேண்ட் மெஷினை வாங்கிவந்தாள். டிவியில் மாட்டிப் பந்தாட்ட கேமைப் போட்டுக் கொடுத்தால் சோறு மறந்துவிடும் அவனுக்கு.

ஆனால் மெஷின் அதுவாக நினைத்தால்தான் வரும். சிவப்பு விளக்கு எரியும். பொத்தானை அமுக்கினால் பச்சைக்கு மாறாது. மூன்று முறை பஸ்ஸில் தூக்கிப்போய்க் காட்டினாள். கடையில் அமுக்கியதும் ஒழுங்காக எரிந்து அவள் மானத்தை வாங்கும். உங்கள் வீட்டுக் கரண்டு சரியில்லை, பொம்பளைப் பிள்ளைக்கு அமுக்கத் தெரியவில்லை என்றான் கடைக்காரன். வேறு வயர் மாற்றினாள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் மாட்டிப் பார்த்தாள். அங்கேயும் அதே கதைதான்.

"கோளாறு மெஷின்ல இருக்கும். பழிய ஓட்டுறவன் மேல போடுவாக" என்றான் சங்கிலி.

பொத்தானுக்குப் பின்னால் போகும் பட்டை வயரைப் பார்க்கச் சொன்னான். அதன் நுனி கோணலாகச் சொருகியிருந்தது. லேசாக அசைந்தாலும் விட்டுப்போகும். உருவி, துடைத்து, நேராகச் சொருகினாள். பச்சை எரிந்தது.

"ஒரு தடவ வந்தா பத்தாது விழி. அணைச்சு அணைச்சுப் போடு. பத்து தடவ விடாம வரணும்."

அவள் அமுக்க அமுக்க அவன் எண்ணினான். ஏழு வரைக்கும் குரல் வந்தது. எட்டாவது பச்சை எரிந்ததும் காத்திருந்தாள்.

"எட்டுண்ணே" என்று தானே சொல்லிக்கொண்டு திரும்பினாள். அம்மா ஈரத்துணியைக் கையில் வைத்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் வாசலில் சாவுப் பந்தல் போட்டார்கள். ராத்திரி பகலாக அந்த டப்பாவை அமுக்கியே உடம்பைக் கெடுத்துக்கொண்டான் என்று பெரியப்பா ராக்கையா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வேல்விழி அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்குத் தோட்டத்து முதலாளி மலைச்சாமி பெரிய சம்பங்கி மாலையோடு வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"நல்ல பையன், ஆத்தா. அந்த வளைவுல கொஞ்சம் நிதானிச்சிருந்தா..."

வேல்விழி எழுந்தாள். குரல் உயரவில்லை.

"பிரேக் பிடிக்கலன்னு எங்கண்ணே உங்ககிட்ட மூணு தடவ சொல்லுச்சு. இந்தக் காயெடுப்பு முடியட்டும்னு நீங்கதான் சொன்னீக. வண்டியப் பள்ளத்துல விடாம மலைப்பக்கம் கொண்டுபோயி முட்டுச்சு. பதிமூணு பொம்பளைக எறங்கி நடந்தாக. எங்கண்ணே நடக்கல. மாலைய எடுத்துக்கங்க."

ராக்கையா அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று யாரோ முனகினார்கள்.

சுவரோரம் இருந்த ஜக்கம்மா முட்டியில் கையூன்றி எழுந்தாள். இன்னமும் அதே தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். முதலாளியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"நானும் அந்த ஜீப்புல இருந்தேன். அவ சொல்றது நெசம்."

அவளுக்குப் பக்கத்திலிருந்த இரண்டு பெண்களும் எழுந்து நின்றார்கள். மாலையை வாங்க யாரும் கை நீட்டவில்லை. மலைச்சாமி அதைப் பிடித்தபடியே வெளியே போய், எதிர்வீட்டு மதில்மேல் போட்டுவிட்டு நடந்தார்.

நாலரைக்குச் சங்கிலியைத் தூக்கினார்கள். அந்த மதில்மேல் கிடந்த மாலையை, முன்னங்கால்களை மதிலில் ஊன்றி ஒரு வெள்ளாடு இழுத்து இழுத்துத் தின்றது. யாரும் அதை விரட்டவில்லை.