பிரேக் வண்டிச் சவரம்

ஓடும் ரயிலில் கார்டுக்குச் சவரம் செய்தவன் உலகத்திலேயே மாரப்பன் ஒருவன்தான். வேறு யாரும் இதைச் சொல்லாததால் அவனே சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில் ஓடிய காலம் அது. கார்டு வெங்கடாசலத்துக்குக் காலையில் முகம் மழிக்க நேரம் இருக்காது. வண்டி கிளம்பியதும் பிரேக் வண்டி என்கிற கடைசிப் பெட்டியில், அவருடைய இரும்புப் பெட்டிமேலேயே அவரை உட்காரவைத்து மாரப்பன் கத்தியைத் தீட்டுவான். வண்டியின் வேகத்துக்கு, இறங்கி வெற்றிலை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறலாம். ஆட்டம் மட்டும் ஊரில் இல்லாத ஆட்டம். அந்த ஆட்டத்தில் கார்டின் தொண்டைமேல் கத்தியை ஓட்டி முடித்து, தருமபுரி வந்ததும் வெள்ளைத் துண்டை விரித்துக் காட்டுவான்.

"ஒரு சொட்டு இருக்குதான்னு பாத்துக்குங்க கார்டய்யா."

கார்டும் டிக்கெட் பரிசோதிப்பதுபோல் துண்டின் இரண்டு பக்கமும் பார்ப்பார். பதினேழு வருஷத்தில் ஒரு சொட்டு இருந்ததில்லை.

உலகச் சண்டைக்காலத்தில் ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கார்டு ஓய்வுபெற்று மொரப்பூரிலேயே தங்கிவிட்டார். சவரம் அவர் வீட்டு வேப்பமரத்தடி நாற்காலிக்கு வந்தது. நாற்காலி ஆடவே ஆடாது. அதில் சவரம் செய்வது மாரப்பனுக்குக் கொஞ்சம் கேவலமாகக்கூட இருந்தது.

நாற்பத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம், அந்த ஆடாத நாற்காலியில்தான் கத்தி பட்டது. தாடைக்குக் கீழே, எறும்பு கடித்த அளவு. படிகாரத்தைத் தேய்த்தான். நிற்கவில்லை. துண்டு நனைந்தது, இன்னொரு துண்டும் நனைந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் நின்றது. எடுத்தால் மறுபடி ஊறியது. மாரப்பன் ரத்தத்தைப் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்தான். அறுபத்திரண்டு வயது. ஆக, கை போய்விட்டது.

உள்ளேயிருந்து வந்த கார்டின் மனைவி கண்ணம்மாள் அவனைத் திட்டவில்லை. புருஷனைத்தான் திட்டினாள்.

"பெங்களூரு டாக்டரு அத்தனை தடவை சொல்லியும் கேட்டீங்களா? மாரப்பா, வெரல எடுத்துடாத. அப்படியே பஸ் ஏத்து. நான் மாத்திரை டப்பாவ எடுத்துக்கிட்டு வர்றேன்."

கழுத்தைப் பிடித்தபடியே ஒருவன் ஒருவரைப் பஸ்ஸில் ஏற்றுவதைக் கண்டக்டர் பார்த்தார். "பெருசுங்களா, சண்டையெல்லாம் எறங்கி வெச்சுக்குங்க" என்றார்.

பஸ் ஓடியது. வெளியே, தண்டவாளம் இல்லாத பழைய ரயில் மேடு கூடவே வந்தது.

"மாரப்பா, உன்கிட்ட ஒண்ண மறைச்சுட்டேன்" என்றார் கார்டு. "என் நெஞ்சு தாளம் தப்பி அடிக்குதாம். மேல் அறை வேலை செய்யாம சும்மா நடுங்கிக்கிட்டே கெடக்குதாம். அதுல ரத்தம் தேங்கிக் கட்டியாயிருமாம். தை மாசம் இந்தக் கை மரத்துப்போச்சே, அது அந்தக் கட்டிதான். ரத்தம் ஒறையாம இருக்க ஒரு புது மாத்திரை. வாராவாரம் வந்து ரத்தம் பாக்கோணும், கத்தி கிட்டவே போகக்கூடாதுன்னாரு. ரெண்டையும் நான் கேக்கல."

"அப்போ என் கை நல்லாத்தான் இருக்குதுங்களா?"

கேட்ட பிறகுதான் மாரப்பனுக்கு வெட்கமாயிற்று. மனுஷன் உயிர் தன் விரலடியில் இருக்கிறது, இவனுக்குக் கைக்கவலை.

"கை நல்லாத்தான் இருக்குது. புத்திதான் எப்பவும்போல."

"போன வாரம் உங்க தோள்ல நாவப்பழக் கலர்ல ஒரு தடம் இருந்துச்சே. கார்டம்மா கிள்ளுனாங்களான்னு கேட்டனே."

"அதுவும் மாத்திரைதான். அவமேல வீண்பழி போட்டுட்ட."

முன்சீட்டில் இருந்த கண்ணம்மாள் திரும்பி முறைத்தாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே."

"இருபத்தஞ்சு வருசமா வர்றவன்கிட்ட இனிமே வராதன்னு எப்பிடிடா சொல்றது?"

மாரப்பனின் கட்டைவிரலுக்கடியில் நாடி துடித்தது. இரண்டு தடவை விரைந்து, ஒரு தடவை தயங்கி, மூன்றைச் சேர்த்துத் தட்டி, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லாமல். ஒவ்வொரு இடைவெளியிலும் அவனும் மூச்சை நிறுத்திக்கொண்டான். இந்தத் தடதடப்பு அவனுக்குப் பழக்கம்.

"நம்ம வண்டி மேடு ஏறுற மாதிரியே இருக்குதுங்க."

"மேட்டுல அது நின்னிருக்குதா?"

"நாலஞ்சு தடவை நின்னுருக்குதுங்களே."

"திரும்பக் கெளம்புச்சில்ல. அழுத்திப் புடி."

தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு ஊசி போட்டார். மூன்று மணி நேரம் கழித்து, "விரலை எடுக்கலாம்" என்றார். மாரப்பனுக்கு விரல் வரவில்லை, மரத்துப்போயிருந்தது. நர்ஸ்தான் பிரித்து எடுத்தாள். ரத்தம் வரவில்லை. அவனுக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரி மருந்து நெடி என்று சொல்லிக்கொண்டான்.

அடுத்த புதன்கிழமை மாரப்பன் வழக்கம்போல் பெட்டியோடு வந்தான். வேப்பமரத்தடியில், ஒரு வாரமாய் நரைத்து முளைத்திருந்த தாடி முழுக்கச் சோப்பு நுரை போட்டான். கத்தியைத் திருப்பி, அதன் மழுங்கிய முதுகால் நுரையை மட்டும் பதமாக வழித்தெடுத்தான். ஒரு மயிர்கூட விழவில்லை. முடித்ததும் வெள்ளைத் துண்டை விரித்துக் காட்டினான்.

கார்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இல்லடா" என்றார்.