மூன்றாம் கம்பி

“கால் சுத்து போதும். அதுக்கு மேல மயிரிழை போனாலும் கழுத்து போயிடும்.”

குரல் கட்டிலில் இருந்து வந்தது. இல்கா மேஜைமேல் கம்பளி விரித்து, புதுக் கிட்டாரை மல்லாக்கக் கிடத்தி, அதன் தலைமாட்டில் இருந்த சின்னத் துளைக்குள் சாவியை விட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி கறுக்கென்றது. அவள் சாவியில் இருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

“கேட்டுதாப்பா?”

“எனக்கு நுரையீரல்தான் போச்சு. காது இருக்கு. இப்போ கழுத்துல முதல் மெட்டுலயும் கடைசி மெட்டுலயும் கம்பியை அமுக்கிக்கிட்டு நடுவுல பாரு. ஒரு காகிதம் நுழையணும்.”

நுழைந்தது. கட்டிலோடு கிடந்தே ஒருவர் கிட்டாரின் கழுத்தை நிமிர்த்த முடியும் என்றால் அது அவள் அப்பா எலெமேரால்தான் முடியும். ஆனால் இரண்டு கைகளையும் போர்வைக்குள் விட்டு, தொடைக்கடியில் செருகி வைத்திருந்தார். அடுப்பு கணகணவென்று எரிகிற அறையில் அது குளிருக்காக இல்லை என்பது இல்காவுக்குத் தெரியும்.

செத்தவன் பொருள் செத்தவனோடு. புடாபெஸ்ட் எட்டாம் வட்டாரத்து ரோமா இனத்து வாத்தியக்காரர்களில் பாதிப்பேர் இன்று இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எலெமேர் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. ஒருவன் விரல்பட்ட வாத்தியம் அவனோடு பெட்டிக்குள் போக வேண்டும். வைத்துக்கொண்டால் உடையவன் கேட்டு வருவான். எலெமேரின் அப்பா செத்தபோது அவருடைய வயலின் அப்படித்தான் போனது. அப்போது எலெமேருக்குப் பதினாலு வயது. வீட்டில் வேறு வாத்தியம் கிடையாது. அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் இருந்து இரண்டு வருஷம் கரி மூட்டை தூக்கினார். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவர் பேசினதே இல்லை. முதுகு வலிக்கிற நாட்களில் மட்டும் கெட்ட வார்த்தை சொல்வார்.

இப்போது சுவரில் மாட்டியிருக்கும் பழைய கிட்டாரும் அவரோடு போகப் போகிறது. இல்கா அதில்தான் கற்றாள், அதில்தான் சனிக்கிழமைகளில் ஓட்டல் மேடையில் அப்பாவோடு மாறி மாறி வாசித்தாள். முப்பத்து நாலு வயதாகியும் தனக்கென்று ஒரு வாத்தியம் இல்லாதவள். அது போய்விட்டால் அவளும் வெறுங்கையோடு நிற்பாள்.

அதனால்தான் போன வாரம், எழுந்து உட்காரவே தெம்பில்லாத மனுஷன், சக்கர நாற்காலியில் கிட்டார் கடைக்கு வந்தார். வந்தவர் கையுறையைக் கழற்றவே இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, “ஒவ்வொண்ணா வாசி. எது எதுன்னு சொல்லாத” என்றார். இல்கா ஏழு கிட்டார்களை வாசித்தாள். நாலாவதில், “நிறுத்து. இதுதான்” என்றார். கருஞ்சிவப்பு நிறம், வயிற்றில் நெளிநெளியாக இரண்டு துளை, பாதி காலி வயிறு, பாதி கட்டை. கடைக்காரர் பழகின மனிதர். ஆசையாக எடுத்து நீட்டி, “ஒரு தடவை கையில பிடிச்சுப் பாருங்கண்ணே” என்றார். எலெமேர் பாம்பைக் கண்டதுபோல் பின்னால் சாய்ந்தார்.

“முழுக்கக் காலியா இருந்தா கத்தும்” என்று வழியெல்லாம் இல்காவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். “முழுக்கக் கட்டையா இருந்தா மூச்சு விடாது. இது மூச்சு விடும், பாரு.” சொல்லிவிட்டு அவர் மூச்சு விடுவதற்குள் டிராம் ஒரு நிறுத்தம் தாண்டிவிட்டது.

கடையில் அதைத் தயார் செய்து அனுப்ப ஒரு வாரம் ஆனது. நேற்றுச் சாயங்காலம் வந்தது. பிப்ரவரிக் குளிரில் இருந்து வந்த மரத்தை உடனே வெதுவெதுப்பான அறையில் திறந்தால் வெடித்துவிடும். அதனால் பெட்டியை மூடினபடியே கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, விடியும்வரை பொறுத்தார்கள். கிஸெல்லா அத்தை சூப்பு கொண்டு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எலெமேருக்கு மூத்தவள், எழுபது வயது, பயம் என்பது அவளுக்கு ஒரு தொழில்.

“நோயாளி கட்டில் பக்கத்துல நீட்டமா ஒரு பெட்டி. மூடி போட்டு. உனக்கு அறிவிருக்கா இல்கா?”

“காலைலதான் அத்தை திறக்கணும்.”

“அதுக்குள்ள வேற எது திறக்குமோ.” சூப்பை நிலைப்படிக்கு வெளியிலேயே வைத்தாள். “அவன் தொட்டானா?”

“இல்லை.”

“தொடக்கூடாது. ருடி மாமா, அவங்க அப்பா செத்தப்போ, அவர் சந்தூர் வாசிக்கற குச்சி ரெண்டை எடுத்து ஒளிச்சு வெச்சார். ரெண்டே ரெண்டு குச்சிதானேன்னு. வருஷம் திரும்பறதுக்குள்ள ரெண்டு மணிக்கட்டும் விழுந்துடுச்சு. சூப்பைக்கூட ஊட்டி விடணும்.” சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். “கையைக் கட்டி வெச்சுக்கோடா.”

“கட்டி வெச்சுத்தான் இருக்கேன்” என்றார் எலெமேர்.

அத்தை போன பிறகு டாக்டர் வந்து போனார். போகும்போது வெளி நடையில் இல்காவை நிறுத்தி, இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று என்றார். அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் உள்ளே படுத்திருந்தவர் காதைப் பற்றி டாக்டருக்குத் தெரியாது.

இப்போது மத்தியானம் இரண்டு மணி. கழுத்து சரியானது. கம்பிகளைத் தாங்கும் குதிரையின் இரு பக்கத் திருகையும் இறக்கி ஏற்றி, கம்பிகள் மெட்டில் உரசாத உயரத்துக்குக் கொண்டு வந்தாயிற்று. இல்கா கிட்டாரை எடுத்துக் கட்டிலோரம் இருந்த நாற்காலியில் சாய்த்து வைத்தாள். வயரைச் செருகி ஆம்ப்ளிஃபயரைத் திறந்தாள். மெல்லிய இரைச்சல் அறையில் பரவியது.

எலெமேர் இருமினார்.

கிட்டார் முனகியது. யாரும் தொடவில்லை. ஆறு கம்பிகளும் லேசாக நடுங்கி, அந்த இருமலையே வாங்கி, ஆம்ப் வழியாகத் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொன்னன. இல்காவுக்கு முதுகு சில்லிட்டது. காலி வயிறுள்ள வாத்தியம் பக்கத்துச் சத்தத்தை வாங்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? மேடையில் டிரம் அடித்தால் முனகும், கதவு அறைந்தால் முனகும். ஆனாலும் சில்லிட்டது.

எலெமேர் மறுபடி இருமினார். கிட்டார் மறுபடி முனகியது.

“பாரு, பழகிக்குது” என்றார். சிரிக்கப் பார்த்தார். கண்ணில் சிரிப்பு இல்லை.

“ஆம்பை நிறுத்தட்டுமா?”

“வேண்டாம், இருக்கட்டும்.” “நீ வாசி” என்றார்.

வாசித்தாள். அவர் சனிக்கிழமை இரவுகளில் கடைசியாக வாசிக்கும் மெதுவான மெட்டு. அவரே கட்டியது, பெயர் வைக்கவில்லை. பாதியில் அவர் முகம் சுளித்தது.

“மூணாவது இறங்குது.”

“புதுக் கம்பிப்பா. இழுக்கும். நாளைக்குள்ள நின்னுடும்.”

“நாளைக்கா” என்றார் எலெமேர்.

இல்கா தலையைக் குனிந்துகொண்டு மூன்றாம் கம்பியின் பிருடையைத் திருகிச் சுருதி கூட்டினாள். இரண்டு வரி வாசிப்பதற்குள் அது மறுபடி இறங்கியது. திரும்பவும் கூட்டினாள். நிமிர்ந்தபோது பார்த்தாள்: அவருடைய வலது கை போர்வைக்கு வெளியே வந்திருந்தது. விரல்கள் தாமாகவே மடங்கி, இல்லாத பிருடையைத் திருகிக்கொண்டிருந்தன. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அறுபத்தேழு வயதில் ஐம்பத்தொரு வருஷம் திருகிய விரல் மட்டும் இருந்துவிடுமா?

அவளுக்குத் தாங்கவில்லை. “அப்பா, ஒரே ஒரு தடவை தொட்டுக்கோங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

கை போர்வைக்குள் ஓடி ஒளிந்தது.

“எனக்குத் தெரியும்” என்றார். “செத்த பிறகு எனக்கு என்ன புத்தி வரும்னு யாருக்குடி தெரியும்? நல்லவனாவே இருப்பேன்னு எழுதிக் கொடுக்க முடியுமா? தொட்டா அது என்னோடது. நான் கேட்டு வந்தா நீ கொடுத்துதான் ஆகணும்.” மூச்சு வாங்கியது. “அந்த மூணாவதுதான்... உயிரை எடுக்குது. போ. காபி போடு.”

“டாக்டர் காபி கூடாதுன்னார்.”

“டாக்டர் என்னென்னமோ சொன்னார். நானும் கேட்டேன்.”

அவள் நாற்காலியை நகர்த்தி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பின்னால் அதை எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். நகர்த்தவில்லை. கிட்டார் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளிச் சாய்ந்திருந்தது. ஆம்ப் இரைந்துகொண்டிருந்தது. சமையலறைக் கதவைத் திறந்தே விட்டுவிட்டுப் போனாள்.

காபிக் கொட்டை அரைக்கும் கை இயந்திரத்தைச் சுற்றினாள். நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். இருமல். முனகல். அடுப்பைப் பற்றவைத்தாள். இருமல். முனகல். அந்த முனகலிலும் மூன்றாம் கம்பி கொஞ்சம் தாழ்ந்தே ஒலித்தது. இதை அவள் கேட்கிறாள் என்றால் அவர் எப்படிக் கேட்காமல் இருப்பார்? காபிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். இருமல். முனகல்.

பிறகு ஒரே ஒரு சுரம்.

தாழ்ந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, சரியான இடத்தில் வந்து நின்றது. நின்றதும் வளைந்து மேலே போய், அந்த உச்சியில் அகலமாக, நிதானமாக நடுங்கியது. உலகத்தில் ஒரே ஒரு மனுஷன்தான் கம்பியை அப்படி வளைப்பான். இருமல் கம்பியை வளைக்காது.

சுரம் மெல்லத் தேய்ந்து ஆம்பின் இரைச்சலுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு இருமல் வரவில்லை. முனகலும் வரவில்லை. காபி பொங்கி அடுப்பை அணைத்தது. இல்கா அசையாமல் நின்றாள். உள்ளே போகாத வரைக்கும் எதுவும் நடக்கவில்லை என்பதுபோல நின்றாள்.

போனபோது அவர் கை போர்வைமேல் இருந்தது. விரல் நுனியில் கம்பி பதிந்த கோடு இன்னும் மறையவில்லை. அவள் அந்தக் கையை எடுத்து, கோடு மறையும்வரை தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அழுதாள்.

சாயங்காலத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. கண்ணாடிக்குத் துணி போட்டார்கள், கடிகாரத்தை நிறுத்தினார்கள், ஜன்னலைத் திறந்தார்கள். கிஸெல்லா அத்தை தம்பியின் கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டு, பொத்தான் மாட்டி, சுவரில் இருந்த பழைய கிட்டாரை இறக்கி அவர் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

“அதை?”

வந்தவர்களில் பாதிப்பேர் வாத்தியக்காரர்கள். அந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

“தொட்டானா இல்கா?”

இல்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கரி மூட்டை தூக்கின முதுகு கோட்டுக்குள் நேராகக் கிடந்தது.

“தொடல” என்றாள்.

அத்தை தலையாட்டினாள். அப்படியே தம்பி மார்பில் விழுந்து, அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்து, ஓவென்று கதறினாள்.

நாற்காலியில் இருந்து கிட்டார் முனகியது.

ஆம்பை யாரும் நிறுத்தவில்லை. மத்தியானத்தில் இருந்து அது இரைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அத்தனை பேச்சில் யாருக்கும் கேட்கவில்லை. அத்தையின் கதறல் பாதியில் நின்றது. கிட்டார் இன்னும் ஒரு நொடி முனகிவிட்டு ஓய்ந்தது. ஒருத்தர் சிலுவை போட்டுக்கொண்டார். டபுள் பேஸ் வாசிக்கும் சித்தப்பா மகன் டோடோர், “அது ஆம்ப்தான், அத்தை, ஆம்ப்” என்றான். சொன்னவனே ஓரடி பின்னால் நகர்ந்தான். அத்தை நிமிரவில்லை. தலையை மட்டும் திருப்பி இல்காவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இல்கா போய் ஆம்பை அணைத்தாள். கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மூன்றாம் கம்பியைக் கட்டைவிரலால் ஒரு தடவை தட்டினாள். துளிகூட இறங்காமல், சுத்தமான சுருதியில் நின்றது. மத்தியானத்தில் இருந்து அவளால் நிறுத்த முடியாததை அவர் ஒரே திருகில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்.

பிருடையைத் தளர்த்தினாள். கம்பி தொய்ந்து, சுருண்டு, கையோடு வந்தது. அதை விரலில் வளையமாகச் சுற்றி, அப்பாவின் கோட்டு மேல்பைக்குள் வைத்தாள். அத்தை என்ன சொல்வாளோ என்று காத்து நின்றாள்.

கிஸெல்லா அத்தை கையை நீட்டினாள். கம்பியின் நுனி பைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டு, பையின் மூடியை நீவிச் சரிசெய்தாள்.

மூன்றாம் நாள் அடக்கம். உறைந்த மண்ணை இரண்டு ஆட்கள் காலையிலேயே வெட்டிப் போட்டிருந்தார்கள். பெட்டி இறங்கியதும் வழக்கம்போல் வாத்தியக்காரர்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். புதுக் கம்பி ஒன்று இல்காவின் சட்டைப்பையில், உறை பிரிக்காமல் இருந்தது. டோடோர் ஐந்து கம்பிக் கிட்டாரைப் பார்த்தான், தன் டபுள் பேஸைத் தோளில் சாய்த்துக்கொண்டான். சின்ன பாட்டரி ஆம்பைப் பனிமேல் வைத்து, அவள் அந்த மெதுவான மெட்டை எடுத்தாள். டோடோர் தாழ்ந்த சுரத்தில் கூடவே பிடித்துக்கொண்டான்.

அவர் மூன்றாம் கம்பியை வளைக்கும் இடம் வந்தது. விரல் பழக்கத்தில் போய் அழுத்தியது. விரலுக்கடியில் மரம்தான் இருந்தது. இல்கா அவசரப்படவில்லை. அந்த ஒரு சுரத்தின் நீளத்துக்கு வாசிக்காமல் நின்றாள். டோடோரும் நிறுத்தினான். மண்வெட்டியைத் தூக்கின ஆட்களும் நின்றார்கள். கிஸெல்லா அத்தை மட்டும் ஓரடி முன்னால் வந்து, தலைத்துணியைக் காதில் இருந்து விலக்கிக்கொண்டு, குழிப் பக்கமாகக் குனிந்து உற்றுக் கேட்டாள்.