இரண்டு கத்தரிக்காய்க்கு உப்பு

1

இது கட்டுரையாகப் பிறந்த கதை. மத்தியதரைக் கடலோரத்து வீடுகளின் சமையலைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய் நம் பக்கத்திலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக அங்கே போனது, தக்காளி அமெரிக்காவிலிருந்து போனது என்றெல்லாம் எடுத்த குறிப்புகளைப் பஸ்ஸில் புரட்டிக்கொண்டிருந்தேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த காந்திமதி என்ற அம்மாள், தாளில் இருந்த கத்தரிக்காய்ப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்க பக்கத்து வூட்டு கப்பல்காரரு ஒரு நாளு கத்தரிக்காய வெச்சி இன்னாமோ ஆக்கினாரு. அத்தோட லீலா ஒரு வாரம் அவராண்ட பேசல."

ஒரகடத்தில் இறங்கிவிட்டார். அவர் தந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. கட்டுரை அந்தப் பஸ்ஸோடு போயிற்று.

2

'1976ஆம் ஆண்டு மார்ச் மாதம், கடல் அமைதியாக…' (வேண்டாம். ஒரகடத்தில் கடல் ஏது?)

'யாக்கோபு அடிப்படையில் நல்ல…' (அதைச் சொல்ல நான் யார்?)

இப்படித் தொடங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து திரும்பியதும் லீலா இரண்டு கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடப் போனாள். யாக்கோபு அவள் கையைப் பிடித்துத் தடுத்தான்.

"இன்னிக்கு நான் ஆக்கறேன். நீ குந்து."

யாக்கோபு ஒரு கிரேக்கக் கப்பலில் சமையல்காரன். ஏழு வருஷத்தில் இது மூன்றாவது வருகை. இரண்டு மாத லீவு. லீலாவும் சமையல்காரிதான், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளுக்கு மதிய உணவு ஆக்குபவள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவன் இல்லாத நாளெல்லாம் வீட்டில் அவள் ஒருத்திதான்.

3

அவன் கத்தரிக்காயைத் தண்ணீரில் போடவில்லை. வட்டம் வட்டமாக அரிந்து, உப்புத் தூவி, அது நீர் விடும்வரை காத்திருந்தான். குன்றத்தூர் மருந்துக்கடையில் வாங்கிய ஆலிவ் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து மோந்து பார்த்தான். குழந்தைக்குத் தேய்க்க விற்பது. மூடி வைத்துவிட்டுக் கடலை எண்ணெயில் பொரித்தான். கொத்துக்கறியில் தக்காளியும் ஒரு துண்டு பட்டையும் போட்டு வதக்கினான். அலுமினியத் தட்டில் கத்தரிக்காய் ஒரு அடுக்கு, கறி ஒரு அடுக்கு. மேலே பாலும் மைதாவும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு. (இந்தக் குழம்பு பழைய வழக்கம் அல்ல, பிரெஞ்சுச் சமையலைப் பார்த்துக் கிரேக்கர்கள் இருபதாம் நூற்றாண்டில்தான் சேர்த்தார்கள். என் கட்டுரையின் மூன்றாம் பத்தி இது. லீலாவுக்கு வேண்டாத தகவல்.) தட்டை மூடி, மூடிமேல் தணல் போட்டான்.

"மூசக்கான்னு பேரு" என்றான்.

லீலா ஒரு வாய் சாப்பிட்டாள். நன்றாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

4

"கப்பல்ல எத்தினி பேருக்கு ஆக்குவீங்க?"

"முப்பத்திரண்டு பேருக்கு."

"நூத்திருவது புள்ளைங்களுக்கு ஆக்கற கை இது. வூட்ல எனக்கு மட்டும் ஆக்கினா இன்னிக்கும் உப்பு தப்பிப் போவுது. ரெண்டு கத்தரிக்காய்க்கு இவ்ளோதான் உப்புன்னு உங்க கைக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

யாக்கோபு கரண்டியைக் கீழே வைத்தான்.

"கப்பல் ரிப்பேருக்கு நின்னப்போ ஒரு வூட்ல தங்கினேன். அப்பறம் அந்தத் துறைமுகம் போறப்பல்லாம் அங்கதான்."

"அந்த வூட்ல யாரு?"

"ஒரு அம்மா. புருஷன் செத்துட்டாரு. அவங்க பொண்ணு."

"ஒன் பொண்ணா?"

ஏழு வருஷமும், அதற்கு முன்பும், அவள் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

"இல்ல. நான் போறப்பவே அதுக்கு ஆறு வயசு."

"அப்போ ரெண்டு கத்தரிக்காய் மூணு பேருக்கு."

"ஆமா."

லீலா தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். ஒரு துண்டைப் பக்கத்தில் காந்திமதி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். கையைக் கழுவினாள். பிறகு பேசவில்லை.

5

அந்தக் கிரேக்க வீட்டுக்காரிக்கு எழுபது வயது என்றுதான் முதல் வரைவில் எழுதியிருந்தேன். எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டுக் கையலம்பியிருப்பார்கள். ஆனால் ஒரு கிழவிக்காகவா லீலா ஒரு வாரம் பேசாமல் இருப்பாள்? அடித்தேன். முப்பத்தெட்டு வயது என்று எழுதி, ஒரு பெயரும் வைத்தேன். அந்தப் பெயரையும் அடித்தேன். லீலா கடைசிவரை கேட்காத பெயர் எனக்கு மட்டும் எதற்கு?

இன்னொரு வரைவில் லீலா தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் நூற்றிருபது பேருக்குச் சோறாக்குகிறவள் சோற்றை எறிய மாட்டாள்.

6

எட்டாம் நாள் லீலா, முந்தின நாளே தபாலாபீசில் வாங்கி வைத்திருந்த வெளிநாட்டுக் கடிதத்தாள் ஒன்றை அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னும் பத்து நாள்ல கப்பல் ஏறணும். ஏறப் போறியா?"

"நீ இன்னா சொல்றியோ அதான் லீலா."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாளைக்கு என் மேல பழி போடுவ." அவள் எதிரே உட்கார்ந்தாள். "அந்தப் பொம்பள காத்துகினு இருப்பா. காத்துகினு இருக்கறது இன்னான்னு எனக்குத் தெரியும். வருவியா, மாட்டியா, அவளுக்கு எழுது. என் முன்னால எழுது."

யாக்கோபுக்குக் கிரேக்கம் பேசத்தான் வரும். தெரிந்த இங்கிலீஷில் எழுதினான். லீலா எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'நான் ஊருக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன்.'

பேனா நின்றது.

அடுத்த வரியை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். 'வரமாட்டேன்' என்று எழுதியபோது அவன் முகத்தை லீலா பார்த்தாள், பார்த்திருக்க வேண்டாம். 'வருகிறேன்' என்று எழுதியபோது அவள் எழுந்து பள்ளிக்கூடத்துக்குப் போனாள், அன்றைக்கு விடுமுறை என்பதை மறந்து. இரண்டையும் கிழித்துவிட்டேன். காந்திமதியைத் தேடிப் போய் நடந்ததைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவன் பேனாவை மறுபடி தாளில் வைக்கிறான். லீலாவுக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் வரும். அவன் எழுதுவதை நீங்கள் அவளுக்கு முன்பே படித்துவிடுவீர்கள்.