முகூர்த்த வேட்டி

தேனாம்பேட்டையில் புதிதாகத் திறக்கும் ஜவுளிக் கடையில் சூப்பர்வைசர் வேலை ஒன்றே ஒன்றுதான். அதற்குத் தோழிகள் இரண்டு பேர் போட்டி.

அன்புச்செல்விக்குத் தி.நகர் கடையில் பட்டுப் பிரிவு. மதுமதிக்கு அதே கடையில் வேட்டிப் பிரிவு. பெரும்பாக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் இருவரும் இன்டர்வியூவுக்காக மாறிமாறிக் கேள்வி கேட்டுப் பழகினார்கள். "வேலையில் நீங்கள் செய்த தவறு என்ன, எப்படிச் சரிசெய்தீர்கள்?" என்பது கட்டாயம் வருமாம்.

அன்புச்செல்வியிடம் பதில் இருந்தது. ஒருமுறை முகூர்த்தப் புடவையைத் தன் மேலேயே கட்டிக் காட்டிவிட்டாள். இன்னொருத்தி உடம்பில் பட்டதை மணப்பெண் கட்டுவதா என்று பெண்ணின் அம்மா எழுந்துவிட்டார். அன்புச்செல்வி மன்னிப்புக் கேட்டு, அதே நிறத்தில் பிரிக்காத புடவை ஒன்றை வரவழைத்து, மணப்பெண் கையாலேயே பிரிக்க வைத்தாள். வியாபாரம் முடிந்தது.

மதுமதிக்கு வயிறு எரிந்தது. இவளுக்குத் தப்புகூட அழகாக வாய்க்கிறது. தன் தப்பெல்லாம் சைஸ் மாற்றிக் கொடுத்ததுதான்.

இன்டர்வியூவில் முதலில் மதுமதியைத்தான் கூப்பிட்டார்கள். கேள்வி வந்ததும் அன்புச்செல்வியின் கதையை எடுத்துவிட்டாள். பட்டுப் புடவையைப் பட்டு வேட்டியாக்கினாள். மணப்பெண்ணை மாப்பிள்ளையாக்கினாள். கேட்டுக்கொண்டிருந்த பெண் அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"வேட்டிய யாரும்மா கட்டிக் காட்டினது?"

மனப்பாடம் செய்த வேகத்தில் வாய் முந்திக்கொண்டது. "நான்தான் மேடம்."

சிரிப்புச் சத்தம் வெளியே உட்கார்ந்திருந்த அன்புச்செல்விக்கும் கேட்டது. அடுத்து அவள் உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வந்தாள். வேலை அவளுக்குத்தான்.

இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். அங்கே அன்புச்செல்வி மெதுவாகச் சொன்னாள். "நான் புடவைன்னு ஆரம்பிச்சதுமே சிரிச்சிட்டாங்கடி. இதே கதைய ஒரு பொண்ணு வேட்டி கட்டிக்கினு சொல்லிட்டுப் போச்சேன்னாங்க."

மதுமதி சாலையைப் பார்த்தாள்.

"கூட வேல செய்றவ உன்னோடத எடுத்துக்கினா இன்னா பண்ணுவேன்னு கேட்டாங்க. திட்ட மாட்டேன், மொதல்ல காரணம் கேப்பேன்னேன். அந்தப் பதில்தான் அவங்களுக்குப் புடிச்சிப்போச்சி." நிறுத்தினாள். "இன்னாத்துக்குடி எடுத்த?"

கதையைத் திருடப்போய், அன்புச்செல்வியை வேலையில் உட்கார வைத்த அந்தக் கேள்வியையும் தானே கொடுத்தனுப்பியிருக்கிறோம் என்பதுதான் மதுமதிக்கு ஆறவேயில்லை.