மேகம் பார்க்கிற வேலை

"பள்ளிக்கூடமும் போகல, கடையில வந்து உக்காரவும் மாட்டேங்குற. நாள் முழுக்க மொட்டை மாடியில அண்ணாந்து பாத்துக்கிட்டு அப்படி என்னதாம்மா பண்ற?" என்று வீட்டுக்காரர் ஒருமுறை என்னைக் கேட்டார்.

மேகம் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதுதான். ஆனால் யாராவது நேருக்கு நேர் கேள்வி கேட்டால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான். எழுந்து நின்று பதில் சொல் என்பார்கள். அதில் எழுந்து நிற்கிற பாதியை மட்டும் நான் ஒழுங்காகச் செய்வேன்.

அவருடைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் எங்கள் தையல் கடை. சித்தி முதலாளி. சித்தப்பா இஸ்திரி போடுகிறவர். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க ஓர் அக்கா. வீட்டுக்காரர் மீட்டரில் மெஷின் ஓட்டினால் தைக்கிற கூலி மீட்டருக்கே போதாது என்று சித்தி மாடியில் சூரியத் தகடுகள் போட்டாள். பேட்டரி வாங்குகிற அளவுக்கு இன்னும் வசதி வரவில்லை. அதனால் எங்கள் கடையில் கடிகாரத்துக்கு மரியாதை கிடையாது. வெயில் ஏறினால் மெஷின் ஓடும். உச்சிவெயிலில் சித்தப்பாவின் இஸ்திரிப் பெட்டி சூடேறும். மேகம் வந்தால் எல்லோரும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு ஊசியும் பொத்தானுமாக உட்கார்ந்துவிடுவார்கள். மூட்டமான நாளில் தைத்த சட்டையில் துணி கிழிந்தாலும் பொத்தான் அறாது என்று சித்தி பெருமை பேசுவாள்.

ஆனால் மேகம் வந்த பிறகு தெரிந்து பயனில்லை. பாதித் தையலில் மெஷின் திணறி நூல் சிக்கிக்கொள்ளும். முன்கூட்டியே சொல்ல ஆள் வேண்டும்.

"ஆள் வந்தா துணிக்குவியலுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிறாளே, இவளை மேல அனுப்பு" என்றார் சித்தப்பா.

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில், மேகம் வருகிற மேற்குத் திசையைப் பார்த்தபடி ஒரு முக்காலி. பக்கத்தில் ஒரு கயிறு. அது கீழே கடைவரை இறங்கி ஒரு மணியில் முடியும். ஓர் இழுப்பு என்றால் மேகம் வருகிறது. இரண்டு இழுப்பு என்றால் போய்விட்டது. யாரிடமும் பேச வேண்டாம். எனக்கென்றே தைத்த வேலை.

இந்த நேரத்தில்தான் ஒரு விளம்பரக்காரர் வீட்டுக்காரரிடம் மாடியைக் கேட்டார். பெரிய பலகை வைக்க வேண்டுமாம். சும்மா காலி செய் என்றால் சித்தி விடுவாளா? வீட்டுக்காரர் நியாயஸ்தர் மாதிரி வந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து உக்காருவேன்மா. நான் ஒரு டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் உன் மெஷின் நிக்காம ஓடணும். ஓடினா உன் கண்ணாடித் தகடு மேலயே இருக்கட்டும். நின்னா மறுநாளே கழட்டிடணும்."

"மேகம் வந்தா, அண்ணே?"

"மேகம் வந்தா நிறுத்திக்க. அது கணக்குல சேராது. நாளைக்கு என்னை யாரும் ஏமாத்துக்காரன்னு சொல்லிடக்கூடாது பாரு."

சித்தி ஒப்புக்கொண்டாள். வேறு வழி? தகடு போனால் கடையும் போச்சு.

வெள்ளிக்கிழமை வானம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. கீழே மெஷின்கள் கடகடவென்று ஓடின. வீட்டுக்காரர் டீயைக் குடிக்கவில்லை, அதற்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று அக்கா பிறகு சொன்னாள். நான் கண்ணை இமைக்காமல் மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று மட்டும் ஒரு மேகத்தைத் தவறவிட்டால் சித்தி என்னை நூலில் கோத்துவிடுவாள்.

திடீரென்று கீழே சத்தம் இறங்கியது. கடகட என்றிருந்தது கட... கட... என்றாகி நின்றேபோனது.

"அடியே! மேல தூங்குறியா?" சித்தியின் குரல் படியேறி வந்தது.

மேற்கே பார்த்தேன். ஒன்றும் இல்லை. கிழக்கே, வடக்கே, தெற்கே. கண்ணுக்கெட்டிய தூரம் பஞ்சுத் துணுக்குகூட இல்லை. பிறகுதான் தொட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடி, முதுகுக்குப் பின்னால் இருந்த தகடுகளைப் பார்த்தேன்.

தகடுகளின் மேல் ஒரு ரஜாய், பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, படுத்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ரோஜாப்பூ போட்டது, சொட்டச் சொட்ட நனைந்தது. எங்கள் தகடுகள் கைகோத்து நிற்கிறவை. ஒன்றின் முகத்தை மூடினால் மற்றவையும் சோர்ந்துவிடும். இழுத்துப் பார்த்தேன். தண்ணீர் குடித்த ரஜாய் என்னைவிடக் கனம். கயிற்றுப் பக்கம் ஓடினேன். எத்தனை முறை இழுப்பது? ரஜாய்க்கு எங்களிடம் மணி கிடையாது.

கீழே போவதைத் தவிர வேறு வழியில்லை.

வீட்டுக்காரர் கோப்பையைச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு வாய் பாக்கி இருக்கு பாரும்மா. வானத்துல பொட்டு மேகம் இல்ல. மெஷின் நின்னுபோச்சு. நான் என்ன செய்யட்டும்?"

சித்தி பதில் பேசவில்லை. சித்தி பதில் பேசாததை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததும் என் நாக்கு தானாகக் கழன்றுகொண்டது.

"மேகம் இருக்கு" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். மெஷினே பேசியிருந்தாலும் அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

"எங்கடி?"

"தகட்டு மேல. ரோஜாப்பூ போட்டது."

"மேகத்துல பூவா!" என்றாள் அக்கா. "இவளுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு."

"ஓரத்துல நீலப் பட்டி இருக்கு. அது சித்தி தைச்சது."

சித்தியின் கண் சுருங்கியது. தான் தைத்த பட்டி எந்த வீட்டுக்குப் போனது என்று அவளுக்கு மறக்காது. "வாங்கண்ணே, அந்த மேகத்தை நாமளும் பாத்துட்டு வருவோம்" என்று எழுந்தாள்.

"எதுக்கும்மா, வெயில்ல..." என்று வீட்டுக்காரர் இழுத்தார். அதற்குள் சித்தப்பா மரியாதையாக அவர் முழங்கையைப் பிடித்தாயிற்று.

மாடியில் வீட்டுக்காரம்மா அடுத்த வாளித் துணியோடு வந்திருந்தார். மிச்சமிருந்த தகட்டில் தலையணை உறைகளை வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, நல்ல இடமாத்தான் சொன்னீங்க! அடியிலயும் சூடு, மேலயும் வெயில். சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும். ஆனா காலையிலயே போடாம, நீங்க டீ குடிக்கப் போற வரைக்கும் ஏன் காத்திருக்கச் சொன்னீங்க? அதுதான் எனக்குப் புரியல."

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சித்தப்பாவுக்கு எங்கிருந்தோ இருமல் வந்தது. சித்தி மட்டும் பால்போல முகத்தை வைத்துக்கொண்டு, "நியாயந்தான், இதைக் கணக்குல சேக்கக்கூடாது" என்றாள்.

"என்ன கணக்கு? ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? துணி காயப்போடக் கூடாதா?" என்றார் வீட்டுக்காரம்மா.

வீட்டுக்காரர் ரஜாயை வாரித் தோளில் போட்டார். சித்தப்பா முந்தின நாள்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையில் தண்ணீர் ஆறாக இறங்கியது.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க? இன்னும் காயவே இல்லையே!"

"அண்ணே, அப்ப தகடு இங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டாள் சித்தி.

அவர் படிக்கட்டின் மேல்படியில் நின்று, ஒவ்வொருவராக எங்களைப் பார்த்தார். என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, ரோஜாப்பூக்கள் படிக்குப் படி பின்னால் இழுபட, இறங்கிப் போனார்.