நீலத் திரைக்கு முன்னால் இரண்டு ஓரகத்திகள்

அந்த மருத்துவமனையில் கணினிகளைக் கவனித்துக்கொள்பவள் மூத்தவள். மருந்துக் கிடங்கு இளையவளின் பொறுப்பு. ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட ஓரகத்திகள். நினைவு தப்பிக்கொண்டிருந்த மாமியாரை, தெருவில் இறங்கிப் போய்விடாமல் எந்நேரமும் கதவைப் பூட்டிவைத்து, ஒருத்தி வேலைக்குப் போனால் இன்னொருத்தி என்று முறை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் சேர்ந்தாற்போல் பேசக் கிடைப்பது மதியம் ஷிப்ட் மாறும் சிறிது நேரம்தான்; அப்போது மாமியாருக்குப் பக்கத்து வீட்டுக்காரம்மா துணையிருப்பார். அன்று மூத்தவளைத் தேடிக்கொண்டு சர்வர் அறைக்கே வந்துவிட்டாள் இளையவள். இரும்புக் கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

"அக்கா, நாங்க தனியாப் போறோம். வீடு பாத்தாச்சு."

மூத்தவள் வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்த கணினியின் திரை நீலமாகிப்போனது. மருத்துவமனையின் பூட்டுகளையெல்லாம் இயக்கும் கணினி அது. தானாக அணைந்தது, மறுபடி உயிர்பெற்றது, மறுபடி நீலமானது.

மூத்தவள் எழுந்து கதவருகே இருந்த பொத்தானை அழுத்தினாள். கதவு அசையவில்லை.

"இது திறக்கணும்னாலும் அந்த கம்ப்யூட்டர்தான் சொல்லணும்," என்றாள். "மாட்டிக்கிட்டோம்."

வெளியே காவலாளி கதவைத் தட்டினார். "மேடம், மருந்துக் கிடங்கு திறக்க மாட்டேங்குது! ஆபரேஷனுக்கு மருந்து வேணும்னு நர்ஸம்மா கத்துறாங்க!"

இளையவளின் முகம் வெளுத்தது. "எல்லா மருந்தும் உள்ளதான்க்கா இருக்கு."

"பக்கத்து வார்டுல இருக்கறத வாங்கிச் சமாளிக்கச் சொல்லுங்க!" என்று மூத்தவள் கதவைப் பார்த்துக் கத்தினாள். "கதவ உடைக்க ஆள் கூப்பிடுங்க!"

முதலில் மெமரிச் சில்லு கழன்றிருக்கும் என்று நினைத்தாள். பெட்டியைத் திறந்து அதை எடுத்துத் துடைத்து மாட்டினாள். மறுபடி நீலம். திரையின் அடியில் ஏதோ ஒரு பெயர் வந்தது, படிப்பதற்குள் ஓடிப்போனது.

"போன வச்சிக்கிட்டு நில்லு. நீலமானதும் போட்டோ எடு."

இளையவள் எடுத்த படம் கோணலாக இருந்தாலும் பெயர் தெரிந்தது. வைரஸ் வராமல் காக்கவென்று போட்டிருந்த பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர், அதாவது அதை இயக்கும் கோப்பு. காலையில்தான் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது.

"காவலுக்கு வச்சதே கழுத்தப் பிடிக்குதா?" என்றாள் இளையவள்.

மூத்தவள் சிரிக்கவில்லை. கணினியை, அவசியமானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் எழுப்பினாள். வெளியாருடைய டிரைவர் எதுவும் ஏறாததால் அது நீலமாகாமல் நின்றது. அந்தக் கோப்பைத் தேடி, பெயரை மாற்றிவிட்டு, வழக்கம்போல் எழுப்பினாள். திரை வந்தது. கதவை நோக்கி இரண்டு எட்டு வைப்பதற்குள் மறுபடி நீலம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அறையின் குளிர் எலும்பில் ஏறியது.

"உங்கள விட்டுட்டு ஓடறேன்னு நினைக்காதீங்க," என்றாள் இளையவள் மெதுவாக. "அந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுதுக்கா."

"எனக்கு முட்டலையா?"

இளையவள் திகைத்தாள். "நீங்க ஒரு நாளும் சொன்னதில்லையே!"

"சொல்லி? யாரு கேப்பா? நீ முந்திக்கிட்ட, அவ்வளவுதான். இப்ப நான் முழுசா உள்ள."

வெளியே யாரோ கதவைக் கடப்பாரையால் இடித்தார்கள். கதவு அசைந்துகொடுக்கவில்லை.

அந்தச் சத்தத்தினிடையேதான் மூத்தவளுக்குப் பொறி தட்டியது. பெயர் மாற்றிய கோப்பை மென்பொருள் நெட்வொர்க் வழியாகத் திரும்ப இறக்கிக்கொள்கிறது! எழுந்துபோய் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். பூட்டுகளுக்குப் போகும் வயர் வேறு. திரும்ப சேஃப் மோட். டிரைவரோடு அந்த மென்பொருளின் சேவையையும் நிறுத்திவைத்தாள். எழுப்பினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். திரை நீலமாகவில்லை.

மூத்தவள் பொத்தானை அழுத்தினாள்; கதவில் 'டக்'கென்று ஒரு சத்தம். கடப்பாரையோடு காவலாளி உள்ளே விழப்பார்த்தார். இளையவள் அவரைத் தாண்டிக் கிடங்குக்கு ஓடினாள்.

மருந்து நேரத்துக்குப் போய்ச்சேர்ந்தது. மூத்தவள் வார்டு வார்டாகப் போய், அதே கோளாறால் நீலமாகிக் கிடந்த மற்ற கணினிகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விளக்கேற்றும் நேரத்தில் இளையவள் தேநீரோடு வந்து நின்றாள்.

"நான் போறது போறதுதான்க்கா. ஆனா அத்தை ஒரு வாரம் உங்க வீட்ல, ஒரு வாரம் எங்க வீட்ல. ராத்திரி முழிச்சிருக்கறது நம்ம ரெண்டு பேரும் இல்ல. அண்ணனும் தம்பியும் பாத்துக்கட்டும். அவங்க அம்மாதானே?"

"உன் புருஷன்கிட்ட கேட்டியா?"

"கேக்கல. சொல்லிட்டேன். உங்க வீட்டு அத்தான்கிட்டயும் அவரையே சொல்லச் சொல்லிட்டேன்."

மூத்தவள் தேநீரை வாங்கிக்கொண்டாள். அண்ணனும் தம்பியும் முணுமுணுத்தார்கள்தான். ஆனாலும் மாமியார் முதல் தடவையாக இளையவள் வீட்டுக்குப் போன அன்று, மூத்தவளுக்கு வீட்டில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. பட்டப்பகலில், கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு, கூடத்திலேயே படுத்துத் தூங்கிப்போனாள்.