ரெண்டு பக்கமும் கல்

துணுக்காயில் என் பட்டறைக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. வேலை கொண்டு வருகிறவரே மிதிக்க வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில் இரும்பு தீட்டுகிற கிரைண்டரை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது? மோட்டரைக் கழற்றிவிட்டு, அச்சைப் பழைய சைக்கிள் ஒன்றின் பின்சில்லோடு பட்டி போட்டு இணைத்திருந்தேன். வந்தவர் சைக்கிளில் ஏறித் தெருவைப் பார்த்து மிதிப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நான் மண்வெட்டியைக் கல்லில் பிடிப்பேன். முல்லைத்தீவுக் கரையில் போட் எஞ்சின் திருத்தியவன் நான். தொண்ணூற்றாறில் சண்டையால் இடம்பெயர்ந்த பிறகு மண்வெட்டி, கோடாலி, உளி என்று எது வந்தாலும் தீட்டித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

தொண்ணூற்றெட்டில் கிரைண்டரின் கல் இரண்டும் போய்விட்டன. இடப் பக்கத்துக் கரடு கல் தோடம்பழம் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வலப் பக்கத்து நயமான கல்லில் கீறல். கீறிய கல் சுற்றும்போது வெடித்தால் மூஞ்சி போய்விடும். புதுக் கல் வவுனியாவில்தான் கிடைக்கும், வவுனியா ஆமியின் பக்கம், அங்கே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். கல் இல்லாவிட்டால் நானும் என் மனைவி ஜோசப்பினும் நிவாரண அரிசியைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

பாஸ் கந்தோரில் தந்த படிவத்தில், காரணம் என்ற இடத்தில் 'கல் எடுக்க' என்று எழுதினேன். சத்தியமாக ஒரு சூதும் இல்லாமல்தான் எழுதினேன். கடைக்குப் போனால் சீலை எடுக்க, சாமான் எடுக்க என்பதுதானே எங்கள் கதை.

மேசையில் இருந்தவர் அதை வாசித்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"எந்தப் பக்கம் ஐயா?"

"ரெண்டு பக்கமும்."

"ஐயோ! எவ்வளவு நாளா?"

"மாரிக்குப் பிறகு சரியான மோசம்."

"எனக்கும் போன வருசம் இருந்தது. அந்த நோ எனக்குத் தெரியும். நல்லாத் தண்ணி குடியுங்கோ. உங்களிட்ட டொக்டரின்ர துண்டுக் கடிதம் கேக்கமாட்டன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொழில் வரிசையில் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியவனை நோயாளர் வரிசையில் போட்டுவிட்டார். 'இது கிரைண்டர் கல் தம்பி' என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"இந்தக் கிழமை நோயாளருக்கு ஒரு இடம்தான் மிச்சம் கிடக்கு. உங்களுக்குத் தாறன்," என்றார்.

எனக்குப் பின்னால் செல்வராசா நின்றான். அடுத்த வளவுக்காரன், மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவன். அவன் மனைவி அழகம்மாவுக்கு உண்மையிலேயே சிறுநீரகத்தில் கல். அவள் முனகுவது வேலி தாண்டி எங்கள் குசினிக்குக் கேட்கும். அவன் எதற்காக நிற்கிறான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இடுப்பைப் பிடித்தபடி பாஸை வாங்கினேன். ஓம், இடுப்பையும் பிடித்தேன். அப்படி நடிக்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை.

வவுனியாவில் இரும்புக் கடை ஒன்றில் அரை நாள் நின்றேன். மிதிக்கிற வேகத்துக்கு மிருதுவான கல் சும்மா கரைந்து போகும், அதனால் இறுக்கமான கல்லாகக் கேட்டேன். கரடு சாம்பல் நிறத்தில், நயம் வெள்ளையில். ஒவ்வொன்றையும் விரலில் தொங்கவிட்டு, மரப்பிடியால் தட்டிக் காதைக் கொடுத்தேன். நல்ல கல் கணீரென்னும், கீறல் கல் சிரட்டை மாதிரிச் சத்தம் போடும். ஐந்தைத் தள்ளிவிட்டு இரண்டை எடுத்தேன். "உங்களை ஏமாத்தேலாது," என்று கடைக்காரர் மெச்சினார். எனக்குப் பெருமை. மண்ணாங்கட்டிப் பெருமை. திரும்பும்போது ஆமியின் சோதனைச் சாவடியில் மண்வெட்டி தீட்டுவது போலக் கையால் காட்டினேன், விட்டுவிட்டார்கள்.

வீட்டில் ஜோசப்பின் கல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அழகம்மாவுக்கு இடமில்லையாம். அடுத்த கிழமை வரச் சொல்லி விட்டிட்டினமாம். நீங்கள் மட்டும் எப்பிடி ஒரே நாளில பாஸ் எடுத்தனீங்கள்?"

"அதிர்ஷ்டம்," என்றேன்.

அடுத்த கிழமை சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அழகம்மாவுக்குச் சலம் போகாமல் அடைத்துக் காய்ச்சல் ஏறியது. இங்கே ஆஸ்பத்திரியில் வெட்டிப் பார்க்க ஆளில்லை. எட்டாம் நாள் காலை முனகல் நின்றது. நோ குறைந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு விருப்பம்.

பத்து மணிபோல் செல்வராசா மண்வெட்டியோடு வந்து நின்றான்.

"அழகம்மா போயிட்டாண்ணே. தரை இறுகிக் கெடக்கு. கொஞ்சம் தீட்டிக் குடுங்க, குழி வெட்டணும்."

மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.

"நீ இரு செல்வராசா. மிதிக்க வேற ஆரையும் கூப்பிடுறன்."

"வேணாம்ணே. வேலை கொண்டாறவன்தானே மிதிக்கணும்."

ஏறி உட்கார்ந்து, தெருவைப் பார்த்து மிதித்தான். புதுக் கல் ஒரு ஆட்டமும் இல்லாமல் சுற்றியது. பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்த கல். பொறி பறந்தது, நான் பிடித்த பிடியில் மண்வெட்டியின் வாய் கோணியது. அந்தக் கல் அந்த நேரத்திலேயே வெடித்து என் மூஞ்சியில் அடித்திருக்கலாம்.

"அண்ணே," என்றான், திரும்பாமலே. "ஒங்களுக்கும் கல்லுன்னு கந்தோர்ல சொன்னாங்க. வந்து பாக்கணும்னு இருந்தேன், இவளை விட்டுட்டு வர முடியல. எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"நல்லதுண்ணே. அந்த வலி யாருக்கும் வரக்கூடாது," என்று சொல்லிவிட்டு இன்னும் அழுத்தி மிதித்தான்.